இரவு இரண்டு மணிக்கு உங்கள் ஒழுங்கை எவ்வளவு அமைதி?

கேள்வி:

மட்டக்குளியில் 31 வருடமாக இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் ஒழுங்கையின் கோடியில் பழைய ஸ்டோர்ஸ் ஒன்று பூட்டிக் கிடந்தது. போன மாதம் அதை இடித்துத் தகரம் அடித்துவிட்டார்கள். டேட்டா சென்டர் வரப்போகிறதாம். ஜன்னலே இல்லாத நான்கு மாடி, ஆறு பெரிய ஜெனரேட்டர், கூரை முழுக்க ஏசி மெஷின் என்று வேலைக்கு வந்த ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் மதிலுக்கும் நடுவே 40 அடிகூட இல்லை. கதிர்வீச்சால் புற்றுநோய் வரும், தண்ணீரை எல்லாம் இழுத்துவிடும் என்று சனம் பயந்துபோய் இருக்கிறது. 110 பேரிடம் கையெழுத்து வாங்கி மகஜர் எழுதியிருக்கிறோம், பிரதி இத்துடன் இருக்கிறது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யாததால் நிறுத்த வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை. பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் வேலை கிடைக்கும் என்று சொல்லிக் கையெழுத்து வைக்கவில்லை. கனடாவில் இருக்கும் மகன் வீட்டை விற்றுவிட்டு வெள்ளவத்தைப் பக்கம் போகச் சொல்கிறான். நாங்கள் என்ன செய்யலாம்? நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பின்மதிலும் அந்தக் காணியைத் தொட்டுத்தான் இருக்கிறது. என்னிடம் படித்த ஒருவர் இப்போது மாநகர சபையில் இருக்கிறார். அவரைப் பிடிக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கொழும்பு 15

பதில்:

டீச்சர், உங்கள் கையில் இருக்கிற மிகப் பெரிய துருப்பைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மகஜரில் அது இல்லவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பின்மதிலைச் சொல்கிறேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் மகஜரில் இருந்து இரண்டு விஷயங்களை வெட்ட வேண்டும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் உயர்ந்த கட்டிடங்களுக்கு ஏசியும் ஜெனரேட்டரும் பொருத்துகிற பொறியியலாளனாக 27 வருடம் வேலை செய்தவன். பெரும்பாலும் கட்டிடச் சொந்தக்காரர் பக்கம்தான் நின்றிருக்கிறேன். அயலவர் மகஜர் வந்தால் அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று தெரியும். முதல் பக்கத்தில் 'கதிர்வீச்சு' என்ற சொல் இருந்தால் ஒருவர் சிரிப்பார், மற்றவர் தேநீர் ஊற்றுவார். இரண்டாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் கதிர்வீச்சை வெட்டுங்கள். டேட்டா சென்டர் என்பது போன் கோபுரம் அல்ல. உள்ளே இருப்பவை இரும்பு அலுமாரிகளில் அடுக்கிய கணினிகள். அவை வெளியே அலை அனுப்புவதற்காக வைத்தவை அல்ல. புற்றுநோய்ப் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் நீங்கள் அதைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் புகையைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. கணினியை விடுங்கள், ஜெனரேட்டர் புகைபோக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேளுங்கள். மாதத்தில் சில மணி நேரம் ஓடுகிற ஜெனரேட்டரால் நாளைக்கே நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தின் பக்கம் அந்தப் புகைபோக்கி திரும்பியிருக்கக் கூடாது என்பதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, சுற்றாடல் தாக்க மதிப்பீடு. எந்தத் திட்டத்துக்கு அது கட்டாயம் என்பதற்கு 1993 ஆம் ஆண்டு வர்த்தமானியில் ஒரு பட்டியல் உண்டு. அந்தக் காலத்துப் பட்டியலில் டேட்டா சென்டர் என்று ஓர் இனம் இல்லை. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட அனல் மின்நிலையம் என்று இருக்கிறது, ஆறு ஜெனரேட்டர் அதைத் தொடாது. 'மதிப்பீடு செய்யவில்லை, ஆகவே சட்டவிரோதம்' என்று முழு மகஜரையும் இந்த ஒரு காலில் நிறுத்தினால் 'அது தேவையில்லை' என்ற ஒரு வரிப் பதிலில் அவர்கள் வேலையை முடித்துவிடுவார்கள். 110 பேரின் கையெழுத்தும் அதோடு போகும்.

இப்போது கட்டிடத்தைப் பார்ப்போம். ஆறு ஜெனரேட்டர் என்றால், இந்த வேலையில் வழக்கமாகப் போடுகிற ஒரு மெகாவாட் அளவு என்று எடுத்து, ஒன்றிரண்டு மேலதிகத்துக்கு என்று கழித்தால், ஏசியும் சேர்த்து நான்கு மெகாவாட் அளவில் எரிக்கப்போகிற இடம். இது என் ஊகம்தான், சரியான எண்ணை நீங்கள் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். நான்கு மெகாவாட் இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 28 இலட்சம் அலகுக்கு மேல். மாதம் 100 அலகு எரிக்கிற வீடுகள் 28,000 சேர்ந்தால் வருகிற அளவு. அயர்லாந்தில் 2023 இல் நாட்டின் மொத்த மின்பாவனையில் 21 சதவீதத்தை டேட்டா சென்டர்களே எடுத்துக்கொண்டன. ஆனால் இதனால் உங்கள் வீட்டு பல்ப் மங்கும் என்று எழுதாதீர்கள். இவ்வளவு எடுப்பவருக்குத் தனி உயர் அழுத்தக் கம்பியும் தனி உபமின்நிலையமும் வரும். உபமின்நிலையத்தை எந்த மதிலோரம் வைக்கிறார்கள் என்பதுதான் ஒழுங்கையில் இருப்பவரின் கேள்வி.

உள்ளே போகிற மின்சாரம் அவ்வளவும் கடைசியில் சூடாக வெளியே வர வேண்டும். 1,000 வாட் அயன்பெட்டி 4,000 ஐ ஒரே கட்டிடத்துக்குள் ஒரு நிமிடம்கூட அணைக்காமல் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டைக் கூரையில் இருக்கும் மெஷின்களின் விசிறிகள்தான் அள்ளி வெளியே வீசும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவிடுகிற மாதிரி வெளிக்காற்றையே உள்ளே விட்டு விசிறிக்கு ஓய்வு கொடுக்கலாம். கொழும்பில் நடுச்சாமத்திலும் காற்று சூடும் ஈரமுமாக இருக்கும், ஓய்வு கிடையாது. உங்களுக்கு வரப்போகிற தொல்லை இந்த இரைச்சல்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்.

சட்டம் இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் பேசுகிறது. 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. மாநகர சபை எல்லைக்குள் ஒரு காணியின் எல்லையில் பகலில் 63 டெசிபல், இரவில் 50 டெசிபல் வரை அனுமதி. இரவு என்பது நீங்கள் படுக்கிற நேரத்தில் தொடங்குவதில்லை, மாலை 6 மணிக்கே தொடங்கிக் காலை 6 மணி வரை. இது பல கட்டிடக்காரருக்கே தெரியாது, தெரிந்தவர்களும் சொல்வதில்லை.

இனிப் பள்ளிக்கூடத்து மதில். பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம் என்று அதே விதிகள் சொல்கின்றன. அங்கே பகலில் 50, இரவில் 45. பின்மதிலே தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் காணி முழுவதும், அநேகமாக உங்கள் வீடும், இந்த வலயத்துக்குள் வரும். இரவுக் கணக்கில் 50 எங்கே 45 எங்கே, ஐந்துதானே என்று நினைக்க வேண்டாம். டெசிபல் சாதாரணக் கழித்தல் அல்ல. ஐந்து குறைக்க வேண்டும் என்றால் வெளியே வருகிற ஒலிச் சக்தியை மூன்றில் ஒரு பங்காக வெட்ட வேண்டும். மெஷினின் வகை மாறும், மறைப்புச் சுவர் வரும், செலவு கூடும். பள்ளிக்கூடம் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் வடிவமைத்திருந்தால் திரும்ப மேசைக்குப் போக வேண்டி வரும். மகஜரின் முதல் வரி இதுவாக இருக்கட்டும். அதிபரிடமிருந்தும் பெற்றோர் சங்கத்திடமிருந்தும் தனித்தனியாக ஒவ்வொரு கடிதம் வாங்குங்கள். அந்த இரண்டு கடிதம் 110 கையெழுத்தைவிடக் கனமானவை.

ஆனால் அதே விதிகளில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. ஓர் இடத்தில் ஏற்கனவே இரைச்சல் கூடுதலாக இருந்தால், அந்தப் பின்னணி இரைச்சலை வைத்து எல்லையைக் கொஞ்சம் தளர்த்தலாம். இங்கேதான் வித்தை நடக்கும். பகல் பதினொரு மணிக்கு, துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறிகள் வரிசையில் நிற்கிற பிரதான வீதியோரம் மீற்றரை வைத்து அளந்தால் உங்கள் ஒழுங்கை காகிதத்தில் சந்தையாகிவிடும். கட்டிடம் எழும்பி விசிறிகள் சுழலத் தொடங்கிய பிறகு பழைய அமைதி எவ்வளவு இருந்தது என்று யாராலும் அளக்க முடியாது. ஆகவே கூலியாள் வேலை தொடங்குவதற்கு முன்பே நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு இதுதான்: இரவு இரண்டு மணிக்கு உங்கள் ஒழுங்கை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை முறைப்படி அளந்து எழுத்தில் வாங்கி வைப்பது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமும் கட்டணத்துக்கு இதைச் செய்து அறிக்கை தரும். கையெழுத்து வைத்த 110 பேரும் பங்கு போட்டால் ஒருவருக்குப் பெரிய தொகை வராது. உங்கள் வாசலில் ஓர் இடம், மாடி இருந்தால் மாடியில் ஓர் இடம், பள்ளிக்கூட மதிலோரம் ஓர் இடம். மாடியை விட்டுவிடாதீர்கள். மதில் கீழ் வீட்டை ஓரளவு மறைக்கும், கூரையில் சுழலும் விசிறி மாடி ஜன்னலை நேராகப் பார்க்கும். கைப்பேசி செயலியில் அளப்பதை நீதிமன்றம் பெரிதாக எடுக்காது. ஆனாலும் ஒரு கொப்பியில் திகதி, நேரம், என்ன சத்தம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கொப்பி திருத்திய கைக்கு அது கஷ்டம் இல்லை.

அவர்கள் பக்கத்தில் இருந்தவன் என்பதால் இன்னும் இரண்டு வித்தைகளைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் உற்பத்தியாளரின் பிரசுரத்தைக் காட்டுவார்கள். அதில் இருப்பது ஒரு மெஷினின் எண். ஒன்று 60 டெசிபல் என்றால் இரண்டு சேர்ந்து 63, பத்து சேர்ந்து 70. எல்லா மெஷினும் ஒன்றாக ஓடும்போது மதிலில் எவ்வளவு என்று கணித்த அறிக்கையைக் கேளுங்கள். இரண்டாவது வித்தை காலத்தோடு சம்பந்தப்பட்டது. டேட்டா சென்டர் திறப்பு விழா அன்று பெரும்பாலும் காலியாகவே இருக்கும். வாடிக்கையாளர் வர வர இரண்டு மூன்று வருடத்தில்தான் அலுமாரிகள் நிரம்பும். திறந்த மாதம் வந்து அளந்தால் எல்லாம் நல்லபடியாகவே இருக்கும். முழுச் சுமையில் ஒருமுறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை அளந்து அறிக்கையை அயலாருக்கும் தர வேண்டும் என்ற நிபந்தனை இல்லாவிட்டால், நான்காம் வருடம் நீங்கள் முறையிடும்போது முதல் வருட அறிக்கையைத் தூக்கிக் காட்டுவார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துச் சாண்ட்லர் நகரில் வீட்டுக்காரர்கள் வருடக்கணக்காக இந்த ரீங்காரத்தோடு மல்லுக்கட்டிய பிறகு, நகரசபை 2022 டிசம்பரில் தனி விதியே கொண்டுவந்தது. கட்டுவதற்கு முன்னும் ஓடத் தொடங்கிய பின்னும் ஒலி ஆய்வு, ஜெனரேட்டர் சோதிப்பதானால் அயலாருக்கு முன்னறிவித்தல் என்று. அங்கே இருந்தவர்களும் உங்களைப் போலச் சாதாரண வீட்டுக்காரர்கள்தான்.

ஜெனரேட்டர் சோதனை என்றவுடன் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வருகிறது. பல வருடத்துக்கு முன்பு கோட்டைக்கு அருகில் ஓர் அலுவலகக் கட்டிடத்துக்கு இரண்டு ஜெனரேட்டர் பொருத்தினேன். பின்பக்கம் மூன்று மாடிக் குடியிருப்பு. வரைபடத்தில் அது ஒரு வெறும் கோடு. வெள்ளிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு அரை மணி நேரச் சோதனை. முறைப்பாடு வந்தது என்று பார்க்கப் போனேன். இரண்டாம் மாடியில் ஒரு வயதான பர்கர் அம்மா. திட்டவில்லை. உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்து, மேசையில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து அடித்தது. கோப்பைக்குள் தேநீர் வளையம் வளையமாக ஆடியது. காதில் அவ்வளவு சத்தம் இல்லை, மீற்றரும் எல்லைக்குள்தான் காட்டியது. தாழ்ந்த அதிர்வை அந்த அளவுகோல் சரியாகப் பிடிப்பதில்லை. அதிர்வு தாங்கியை மாற்றிப் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோகப் பிறகு ஆன செலவு, முதலிலேயே செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைப் போல நான்கு மடங்கு. சொந்தக்காரர் என்னைத்தான் ஏசினார், ஏசட்டும். உங்கள் நிபந்தனைப் பட்டியலில் இதை எழுதுங்கள்: சோதனை கிழமை நாளில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, மாலை 6 மணிக்குள். ஒரே நேரத்தில் ஒரு ஜெனரேட்டர். சாதாரண தரம், உயர்தரம், புலமைப்பரிசில் பரீட்சை நாட்களில் சோதனையே இல்லை. இதை மறுக்கிற முகாமையாளரை நான் கண்டதில்லை, கேட்கிற அயலவரைத்தான் கண்டதில்லை.

சோதனை நேரம் மட்டும்தானே ஓடும் என்று சொல்வார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள் என்பதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி முழு நாட்டையும் இருட்டாக்கியது. நம் நாட்டில் மேலதிக ஜெனரேட்டர் அலங்காரத்துக்கு இருப்பதில்லை. ஒரு மெகாவாட்டுக்கு மணிக்கு ஏறக்குறைய 260 லீற்றர் டீசல் போகும். நான்கு மெகாவாட்டுக்கு 1,000 லீற்றருக்குச் சற்று மேல். இரண்டு நாளுக்குச் சேமித்து வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம், அதாவது 50,000 லீற்றர். 33,000 லீற்றர் பெரிய பவுசரில் ஒன்றரை பவுசர் டீசல் உங்கள் ஒழுங்கைக் கோடியில் நிரந்தரமாக இருக்கும். அந்தப் பவுசர் எந்த வழியால் வந்து எங்கே திரும்பும் என்றும் கேளுங்கள்.

டீசல் நிலத்துக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்ச் சனத்துக்கு விளக்க வேண்டியதில்லை. சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்று 2 கோடி ரூபா கட்ட உத்தரவிட்டது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. கிணற்றுத் தண்ணீர் தீர்ப்பைப் படித்துத் தெளிவதில்லை. உங்கள் பகுதியில் ஒரு மேலதிகச் சிக்கல் களனி ஆறு. 2016 மே மாதமும், 2025 நவம்பரில் டிட்வா புயலோடும் ஆறு எவ்வளவு ஏறியது என்று நீங்களே பார்த்தீர்கள். நிலத்தடித் தொட்டியா, மேலே வைத்த தொட்டியா, இரட்டைச் சுவர் உண்டா, சுற்றிக் கட்டிய தடுப்பு வெள்ள மட்டத்துக்கு மேலா என்று கேளுங்கள். இன்னொன்று, கணினிகள் நனையக் கூடாது என்பதற்காக அவர்கள் காணியை மண் போட்டு உயர்த்துவார்கள். அங்கே நிற்க வேண்டிய மழைத்தண்ணீர் பிறகு உங்கள் வாசலுக்கு வரும். உங்களுக்கு இரைச்சலைவிட முதலில் தெரியப்போவது இதுதான், முதல் மாரியிலேயே. வடிகால் திட்டத்துக்கு யார் அனுமதி கொடுத்தார், எந்த வாய்க்காலில் விடுகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

தீ பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது மின்கல அறைகளில் லித்தியம் வந்துவிட்டது. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரத்து அரச டேட்டா சென்டரில் ஒரு லித்தியம் மின்கலத்தில் பிடித்த தீ 600 க்கும் மேற்பட்ட அரச சேவைகளை நிறுத்தியது. அந்தத் தீ சட்டென்று அணைவதில்லை, புகையும் நஞ்சு. உங்கள் ஒழுங்கைக்குள் மாநகர சபைத் தீயணைப்பு வண்டி திரும்ப முடியுமா? ஒரு டேப் எடுத்து மிக ஒடுங்கிய இடத்தை அளந்து மகஜரில் எழுதுங்கள். அடிக்கணக்கு கொடுத்த மகஜரை அதிகாரியால் 'பொதுவான அச்சம்' என்று ஒதுக்க முடியாது.

தண்ணீர்ப் பயத்தில் பாதி சரி, பாதி அந்தக் கட்டிடத்தைப் பொறுத்தது. கூரையில் வரப்போவது வெறும் விசிறி மெஷின் என்றால் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கோபுரம் என்றால் நான்கு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 அலகு வரை போகலாம், மாதத்துக்கு 20 அலகு எடுக்கிற வீடுகள் 250 அளவுக்கு. கோபுரம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், இரைச்சலும் சற்றுக் குறைவு. ஆகவே 'தண்ணீர் எடுக்காதே' என்று கத்திவிட்டுப் பிறகு இரவு முழுக்க விசிறிச் சத்தம் கேட்க வேண்டியும் வரலாம். முதலில் எது என்று கேளுங்கள், குழாய்க் கிணறு தோண்டுகிறார்களா என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் காலையில் அழுத்தம் குறைவு என்றால் அதையும் இப்போதே கொப்பியில் குறித்து வையுங்கள்.

இவ்வளவையும் யாரிடம் கேட்பது? கட்டிடக்காரரிடம் பிறகு கேட்கலாம். முதலில் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம். 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கச் சட்டம். மாநகர சபைக்கு ஒன்று, நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கு ஒன்று, மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு ஒன்று. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி சொல்ல வேண்டும். காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, எழுதுங்கள். ஆனால் ஒரு சிங்களப் பிரதியையும் பின்னால் இணைத்துவிடுங்கள். உரிமை உரிமைதான், கோப்பு நகர வேண்டுமே.

கேட்கிற கேள்விகளில் ஒன்றை அடிக்கோடிடுகிறேன். அந்தக் காணிக்கு அபிவிருத்தி அனுமதி எடுத்தபோது விண்ணப்பத்தில் 'பாவனை' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? களஞ்சியம் என்றா, அலுவலகம் என்றா? பழைய ஸ்டோர்ஸ் இருந்த காணி என்பதால் கேட்கிறேன். ஒரு பாவனைக்கு எடுத்த அனுமதியை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கட்ட முடியாது, பாவனை மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் உண்மையை நேராகவே எழுதியிருந்தால் நல்லது, அப்போது நிபந்தனைகளைப் பற்றிப் பேசலாம். அத்தோடு அனுமதியின் நிபந்தனைகள், ஒலி அறிக்கை, தீயணைப்புத் திணைக்களத்தின் பரிந்துரை, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையா, தேவையில்லை என்றால் எந்த அடிப்படையில் என்றும் கேளுங்கள்.

கட்டி முடிந்த பிறகும் ஒரு கதவு இருக்கிறது. இணக்கச் சான்றிதழ், எல்லாரும் சீ.ஓ.சி. என்று சொல்வார்களே, அது இல்லாமல் கட்டிடத்தைப் பாவிக்க முடியாது. உங்கள் நிபந்தனைகள் அபிவிருத்தி அனுமதியில் ஏறியிருந்தால் அந்தச் சான்றிதழுக்கு வருகிற அதிகாரி அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். அனுமதியில் இல்லாத வாக்குறுதி, கூட்டத்தில் ஒலிவாங்கி பிடித்துச் சொன்னது எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியாது.

நீதிமன்றம் பற்றி நான் பேசக் கூடாது, சட்டத்தரணியிடம் போங்கள். போகிறபோது இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம், ஆகவே எந்தக் கடிதம் எந்தத் திகதியில் கைக்கு வந்தது என்று உறையோடு சேர்த்து வையுங்கள். ஓடத் தொடங்கிய பிறகு தாங்க முடியாத இரைச்சல் என்றால் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவில் பொதுத் தொல்லை என்று நீதவானிடம் போகலாம். அன்றைக்கு உங்கள் கையில் இருக்க வேண்டியது இரவு இரண்டு மணி அறிக்கை. அது இல்லாமல் போனவர்களை நான் எதிர்த்தரப்பு வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். பாவம் என்று நினைத்துக்கொண்டே எங்கள் அறிக்கையைக் கொடுத்திருக்கிறேன்.

அத்திவாரத்துக்குப் பைல் தூண் அடிக்கத் தொடங்குமுன் எல்லா வீட்டுச் சுவர்களையும் திகதியோடு படம் எடுங்கள். ஏற்கனவே இருக்கிற வெடிப்புகளை முக்கியமாக. இந்தச் சுவர் வெடிப்பு ஆய்வைக் கட்டிடக்காரர் செலவில் செய்யச் சொல்லலாம், நல்லவர்கள் தாங்களாகவே செய்வார்கள். பிறகு வரும் சண்டையில் அவர்களுக்கும் அது பாதுகாப்பு.

பக்கத்து வீட்டுப் பையனோடு கோபிக்க வேண்டாம். கட்டுகிற காலத்தில் வேலை இருக்கும். ஓடத் தொடங்கினால் இந்த அளவு கட்டிடத்தில் காவலாளி, துப்புரவு, தொழில்நுட்பவியலாளர் என்று முறை மாறி மாறிச் சில பத்துப் பேர்தான். அதில் அவனுக்கு ஒன்று கிடைத்தால் சந்தோஷம். அவனும் கையெழுத்து வைக்கக்கூடிய மாதிரி மகஜரை மாற்றுங்கள்: 'வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டு 'இந்த நிபந்தனைகள் இல்லாமல் வேண்டாம்' என்று. நமக்கும் வங்கி அட்டை வேலை செய்ய வேண்டும், பரீட்சைப் பெறுபேறு திரையில் வர வேண்டும், அந்தக் கணினிகள் எங்கேயாவது இருந்தாக வேண்டும். பள்ளிக்கூடத்து மதிலோரமா என்பதே நம் கேள்வி. 45 டெசிபலுக்குள் அவர்களால் ஓட்ட முடியாது என்று அவர்களுடைய கணக்கே காட்டினால், அந்த இடம் சரியில்லை என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, தாள் சொல்லிவிடும்.

மகனிடம் சொல்லுங்கள், இந்த மாதம் வீட்டை விலை பேச வேண்டாம். வதந்திக்காலத்தில் தரகர் சொல்கிற விலை வதந்தி விலை. தகவல் விண்ணப்பத்துக்குப் பதில் வரட்டும். வெள்ளவத்தையில் மட்டும் ஜெனரேட்டர் இல்லையா என்ன.

மாநகர சபையில் இருக்கும் உங்கள் மாணவரைப் பிடிக்கலாமா என்று கேட்டீர்கள். பிடியுங்கள், ஆனால் நிறுத்தித் தா என்று கேட்காதீர்கள். நிறுத்துகிற அதிகாரம் அவரிடம் இருக்காது, கேட்டால் உங்களைக் காணும்போதெல்லாம் ஒளிந்துகொள்வார். அந்தக் காணியின் கோப்பு இலக்கத்தை மட்டும் கேளுங்கள். விண்ணப்பத்தில் அந்த இலக்கம் இருந்தால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற பதில் வராது.